மழைத்தோட்டம்: மலையூரில் எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக்கூடாது

மழை பெய்வது மேட்டில், வெள்ளம் சேர்வது பள்ளத்தில். நீலகிரிக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குன்னூரின் மேட்டுத் தெருக்களில் ஒரு பாட்டம் மழை அடித்து ஓய்ந்தால், கொஞ்ச நேரத்தில் அந்தத் தண்ணீரெல்லாம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இறங்கி வந்துவிடும். ஊட்டியைச் சுற்றியுள்ள சரிவுகளின் தண்ணீர் கோடப்பமந்து கால்வாயில் விழுந்து ஏரிக்குப் போகிறது. கால்வாய் தாங்காத நாளில் தாழ்வான சாலைகளில் வண்டி நகராது.

மலை அதே மலைதான். அதன் மேல்தோல்தான் மாறியிருக்கிறது. சோலைக்காட்டின் இலைச்சருகும், புல்வெளியின் வேரும், பள்ளங்களில் இருந்த சதுப்பும் மழையை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல விட்டன. அந்த இடங்களில் இப்போது தகரக் கூரை, கான்கிரீட் மொட்டைமாடி, சிமெண்ட் முற்றம், தார்ச்சாலை. இவற்றில் விழும் மழை நிற்பதற்கு இடமே இல்லை. விழுந்த வேகத்தில் சாக்கடைக்குப் போகிறது; எல்லா வீட்டுத் தண்ணீரும் ஒரே நேரத்தில் போகிறது. வெள்ளத்துக்குப் பாதிக் காரணம் தண்ணீரின் அளவு, மீதிப் பாதி அது ஒன்றாக வந்து சேரும் நேரம்.

இந்த நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும் ஏற்பாடுதான் மழைத்தோட்டம். கூரையிலிருந்தோ முற்றத்திலிருந்தோ ஓடிவரும் மழைநீரை வழியில் நிறுத்தி, சில மணி நேரம் தேக்கி, மண்ணுக்குள் இறக்கும் ஆழமில்லாத ஒரு பள்ளம். அதில் அந்த ஈரத்தையும் அடுத்து வரும் வறட்சியையும் தாங்கும் செடிகள். அவ்வளவுதான். குளம் என்று நினைத்துவிட வேண்டாம். குளத்தில் தண்ணீர் நிற்க வேண்டும், இதில் நிற்கக்கூடாது. மழை விட்டு ஒரு நாளில், மிஞ்சிப்போனால் இரண்டு நாளில், காலி ஆகிவிட வேண்டும். கொசுப்புழு வளர்ந்து பறக்க ஒரு வாரமாவது ஆகும் என்பதால், இரண்டு நாளில் வற்றும் பள்ளத்தில் கொசுவுக்கு வேலையில்லை.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில், பிரின்ஸ் ஜார்ஜ் கவுண்டி என்ற பகுதியில், புதிய குடியிருப்புகளில் வீட்டுக்கு வீடு இதை அமைத்துப் பார்த்தார்கள். அங்கிருந்துதான் இந்த முறை பல நாடுகளுக்கும் பரவியது. நமக்கும் இது முற்றிலும் புதிதல்ல. தேயிலைத் தோட்டத்தில் செடி வரிசைகளுக்கு இடையே வெட்டும் தடுப்புக் குழிகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அடிப்படை உடனே பிடிபடும்.

சரி, அப்படியென்றால் நாளைக்கே ஆளுக்கொரு பள்ளம் வெட்டிவிடலாமா? மலையில் கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால், அது அடுத்த பகுதியாக இருக்கட்டும்.

சரிவில் தண்ணீரை இறக்கக்கூடாது

இணையத்தில் கிடைக்கும் மழைத்தோட்டக் குறிப்புகள் பெரும்பாலும் சமவெளிக்கு எழுதியவை. அங்கே தண்ணீரை எவ்வளவு மண்ணுக்குள் அனுப்பினாலும் லாபம். மலைச்சரிவில் அதே வேலை ஆளைக் கொல்லும்.

நீலகிரியின் பல இடங்களில் மேலே செம்மண், அதற்குக் கீழே பாறை உளுத்துப்போய்க் களிபோல ஆன ஓர் அடுக்கு, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. மேல்மண் வழியாக இறங்கும் தண்ணீர் இந்தக் களி அடுக்கில் தேங்கும்போது, மேலேயுள்ள மண்ணின் எடை கூடுகிறது, அடியிலுள்ள பிடி தளர்கிறது. 1993 நவம்பரில் குன்னூர்-மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் அருகே நடந்த சரிவையும், 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரி வட்டாரங்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சரிவுகளையும் இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டுமே கனமழையில் மண் ஊறிப்போன பிறகு நடந்தவை.

ஆகவே மலையூரில் மழைத்தோட்டத்துக்கு முதல் விதி இடம். தரை பத்தடிக்கு ஓர் அடிக்கு மேல் இறங்கினால் அங்கே வேண்டாம். தடுப்புச்சுவருக்கு மேல்பக்கம் வேண்டவே வேண்டாம். சுவருக்குப் பின்னால் மண் நனைய நனைய, சுவர் தாங்க வேண்டிய பாரம் ஏறிக்கொண்டே போகும். சாலைக்காக வெட்டிய மண் திட்டுக்கு மேலே, எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பின்னால் எழும் சரிவின் விளிம்பில், கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், எங்குமே கூடாது. வீட்டு அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது பத்தடி தள்ளியிருக்க வேண்டும். தரையில் வில்போல வளைந்த விரிசல், ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும் மரங்கள், சமீபத்தில் புதிதாகக் கிளம்பிய ஊற்று, கதவு நிலை கோணிக்கொண்ட வீடு, இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் மழைத்தோட்டப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு வருவாய்த் துறைக்குத் தகவல் சொல்வதுதான் முதல் வேலை.

பிறகு எங்கேதான் அமைப்பது? மலையில் தட்டையான இடம் குறைவுதான், ஆனால் பொது இடங்களில் பல ஏற்கெனவே தட்டையானவை. பள்ளி விளையாட்டு மைதானத்தின் ஓரம், ஹட்டியின் (படுகர் ஊரின்) நடுவே உள்ள பொதுவெளியின் ஒரு மூலை, சமுதாயக் கூடத்தின் முன்பக்கம், பள்ளத்தாக்கின் அடியில் ஓடைக்குச் சற்று மேலே உள்ள சமதளம். தனி வீட்டுக்காரர்களைவிட ஓர் ஊராகச் சேர்ந்து செய்வது மலையில் நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்: நாலு சென்ட் சரிவில் வீடு வைத்திருப்பவருக்குப் பாதுகாப்பான இடமே இருக்காது. அவர் கூரைத் தண்ணீரைக் குழாய் வழியாகக் கீழே உள்ள பொது இடத்துக்குக் கொண்டுவரலாம்.

வேறு இடமே இல்லை, சுமாரான சரிவுதான் இருக்கிறது என்றால் இரண்டு வழி உண்டு. ஒன்று, தொட்டி வைத்துக் கூரைத் தண்ணீரைப் பிடித்து, மழை விட்டதும் மெல்லத் திறந்துவிடுவது. இன்னொன்று, பள்ளத்தின் அடியிலும் பக்கத்திலும் சில்பாலின் என்ற கெட்டி பிளாஸ்டிக் விரிப்பை விரித்து, அதன்மேல் துளையிட்ட குழாய், ஜல்லி, மண் என்று நிரப்பிச் செடி வைப்பது. தண்ணீர் தரைக்குள் போகாது. மண்ணில் வடிந்து குழாய் வழியாகத் தாமதமாக வெளியேறும். வெள்ளத்தை மட்டுப்படுத்த அந்தத் தாமதமே போதும்.

எவ்வளவு தண்ணீர், எவ்வளவு பெரிய பள்ளம்

கணக்கு சுலபம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஒரு சமுதாயக் கூடத்தின் கூரை 100 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 1,075 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 மில்லிமீட்டர் மழை அடித்தால் அந்தக் கூரையிலிருந்து 2,500 லிட்டர் இறங்கும். 16 அடி நீளம், 10 அடி அகலம், அரை அடி ஆழத்தில் ஒரு பள்ளம் வெட்டினால் சுமார் 2,200 லிட்டர் நிற்கும். பக்கங்களைச் சரித்து வெட்டுவதால் கொள்ளளவு கொஞ்சம் குறையும். தண்ணீர் நிரம்பிக்கொண்டிருக்கும்போதே மண் குடிப்பதால் அது ஈடாகிவிடும். பொதுவாகக் கூரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை பள்ளம் இருந்தால் போதும். மண் இளகலாக இருந்தால் சிறியது, களியாக இருந்தால் பெரியது.

இப்போது இன்னொரு கணக்கையும் போட்டுவிடுவோம். 2019 ஆகஸ்ட் 8 அன்று நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த மழை நம் சமுதாயக் கூடத்தின் மேல் பெய்திருந்தால் 82,000 லிட்டர். நம் பள்ளம் பிடிப்பது 2,200. முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நிரம்பி வழிந்திருக்கும். அதன்பிறகு அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இதை மறைத்து மழைத்தோட்டத்தை விற்பவர்களை நம்பாதீர்கள். அது உதவுவது கோடை மழை ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கும் நாளில், ஐப்பசியில் மாலைக்கு மாலை வரும் பாட்டம் மழையில். அந்த மாதிரி நாட்கள்தான் வருஷத்தில் அதிகம். கடைக்குள் தண்ணீர் வருவதும், வாசல் படியில் சேறு ஏறுவதும், சாக்கடை பொங்குவதும் அந்த நாட்களில்தான். பேரிடர் மழைக்கு ஓடைகளை அடைக்காமல் வைத்திருப்பதும், ஆபத்தான இடத்திலிருந்து ஆளை வெளியேற்றுவதும்தான் வழி.

ஒரு தெருவுக்கு ஒரே ஒரு மழைத்தோட்டம் என்றால் அது பார்வைக்கு மட்டும்தான். அதே அளவில் பத்து இருந்தால் 22,000 லிட்டர் தண்ணீர், சாக்கடை நிரம்பும் அந்தக் கால் மணி நேரத்தில் சாக்கடைக்கு வராமல் இருக்கும். கீழ்த்தெருக் கடைக்காரருக்கு வித்தியாசம் தெரிவது அப்போதுதான்.

மண்ணைக் கேட்டுப் பாருங்கள்

இடம் பிடித்தாயிற்று. வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை. செலவு ஒன்றும் இல்லை, ஒரு மண்வெட்டி, இரண்டு குடம் தண்ணீர், ஓர் அளவுகோல் போதும்.

பள்ளம் வரப்போகும் இடத்தில் ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்தில் குழி எடுங்கள். மண்வெட்டி பட்டு வழுவழுப்பாகிப் போன பக்கச்சுவரைக் குச்சியால் கீறிவிடுங்கள். களிமண்ணில் அந்த வழுவழுப்பு மெழுகியதுபோல் நின்று தண்ணீரை மறித்துவிடும். குழி நிறையத் தண்ணீர் ஊற்றி முழுதும் இறங்கும்வரை விடுங்கள். இது மண்ணை நனைக்க மட்டும், அளக்க அல்ல. காய்ந்த மண் முதல் குடத்தை ஆவலாக இழுத்துக்கொள்ளும். அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. மறுபடி நிரப்பி, அளவுகோலை நட்டு, மணியைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலம், அதாவது இரண்டரை சென்டிமீட்டர் இறங்கினால் அருமையான இடம். அரை அடித் தண்ணீர் ஆறு மணி நேரத்தில் வற்றிவிடும். அரை அங்குலம் இறங்கினாலும் பாதகமில்லை. அதற்கும் குறைந்தால் பள்ளத்தை இன்னும் ஆழம் குறைவாக, இன்னும் அகலமாக வெட்ட வேண்டும், அல்லது வேறு இடம் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் நடக்கலாம். நீங்கள் ஒரு சொட்டும் ஊற்றும் முன்பே குழியின் அடியில் தண்ணீர் கசிந்து நிற்கும். அப்படியானால் நீங்கள் நிற்பது சதுப்பில். குழியை மூடிவிட்டு வந்துவிடுங்கள். அந்த இடம் ஏற்கெனவே மழைத்தோட்டத்தின் வேலையை நூறு மடங்கு செய்துகொண்டிருக்கிறது. அதில் மண்ணைக் கொட்டிக் கட்டடம் வராமல் பார்த்துக்கொள்வது எத்தனை மழைத்தோட்டம் போட்டாலும் கிடைக்காத லாபம். ஊட்டி ஏரியின் பழைய நீர்ப்பரப்பில் ஒரு பகுதிதான் இன்று பஸ் ஸ்டாண்டாகவும் குதிரைப் பந்தய மைதானமாகவும் இருக்கிறது. மழை நாளில் அங்கே தண்ணீர் தேங்குவதில் என்ன ஆச்சரியம்?

வெட்டுவது

மலையில் பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். இவ்வளவு சின்ன வேலைக்கு அது தேவையும் இல்லை. கனமான வண்டி ஏறினால் மண் இறுகி, நீங்கள் சோதித்துப் பார்த்த அந்த வடியும் தன்மையே போய்விடும். மண்வெட்டியும் கடப்பாரையும் பத்து ஆட்களும் போதும்.

பள்ளம் தாம்பாளம்போல இருக்க வேண்டும்: அகலமாக, ஆழமில்லாமல், அடி மட்டமாக. அடி மட்டமாக இருப்பதுதான் இதில் நுணுக்கமான வேலை. ஒரு பக்கம் இரண்டு அங்குலம் தாழ்ந்துவிட்டால் தண்ணீர் முழுதும் அங்கேயே குவியும், மற்ற செடிகள் காயும். கொத்தனார்கள் வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம் இதற்கு நல்ல கருவி. நீளப் பக்கம் சரிவுக்குக் குறுக்கே அமையட்டும். வெட்டிய மண்ணைத் தாழ்ந்த பக்கத்தில் கரையாகப் போட்டு நன்றாக மிதித்து இறுக்குங்கள். மேட்டுப் பக்கம் கரை வேண்டாம், தண்ணீர் வரும் வழி அதுதானே.

கரையில் ஓரிடத்தை மட்டும் இரண்டு அங்குலம் தாழ்த்தி, கல் பாவி, அங்கிருந்து சாக்கடைக்கோ ஓடைக்கோ ஒரு வாய்க்கால் விடுங்கள். நிரம்பி வழியும் தண்ணீர் இந்த வழியாகத்தான் போக வேண்டும், யாருடைய கேரட் தோட்டத்துக்குள்ளும் அல்ல, கீழ்வீட்டுப் பின்சுவருக்கும் அல்ல. மழைத்தோட்டத்தில் எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது. அவலாஞ்சிக் கணக்கை ஒருமுறை நினைத்துப் பார்த்தால் போதும்.

தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் நாலைந்து தட்டைக் கற்களைப் போட்டால் விழும் வேகத்தில் மண் அரிக்காது. சாலைத் தண்ணீரோ காய்கறித் தோட்டத்துத் தண்ணீரோ வருவதாக இருந்தால், அதற்கு முன்னால் ஒரு சிறு வண்டல் குழி கட்டாயம். உருளைக்கிழங்கு, கேரட் வயல்களிலிருந்து வரும் தண்ணீர் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வரும்; அந்த மெல்லிய சேறு படிந்தால் ஒரே பருவத்தில் பள்ளம் சிமெண்ட் பூசியதுபோல் ஆகிவிடும். மருந்தடித்த தண்ணீராகவும் அது இருக்கலாம் என்பதால், குடிநீர் ஊற்றுக்கு மேல்பக்கம் அதை இறக்கவே கூடாது. குளியலறை, சமையலறைத் தண்ணீருக்கும் இங்கே இடமில்லை. மழைநீர் மட்டும்.

மண் கலவைக்கு மணல் பாதிக்கு மேல் போடச் சொல்லும் குறிப்புகள் உண்டு. மணல் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வர வேண்டும். அந்த லாரி வாடகைக்கு இன்னும் இரண்டு தோட்டம் போட்டுவிடலாம். சோதனையில் தண்ணீர் நன்றாக இறங்கிய மண்ணாக இருந்தால், அதையே ஓர் அடி கொத்திவிட்டு, நன்கு மக்கிய இலை உரத்தைக் கலந்தால் போதும்.

என்ன நடலாம்

பள்ளத்தில் மூன்று பகுதிகள் உண்டு. நடுவில் நன்றாக நனையும், ஓரத்தில் கொஞ்சம் நனையும், கரை பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும். நடுப்பகுதிக்கு ஓடையோரத்தில் தானாக வளரும் கோரை வகைகளும் வல்லாரையும் பொருத்தம். நிழல் உள்ள இடமானால் பெரணி, காட்டுக் காசித்தும்பை. கரையில் தவிட்டுப்பழச் செடி வைக்கலாம். பழுக்கும் காலத்தில் பிள்ளைகளே காவலுக்கு வந்துவிடுவார்கள். ஆடு மாடு நுழையாமல் இருக்க ஊசிக்கலா முள் நல்ல வேலி. குறிஞ்சியும் கரையில் நிற்கும், ஈரம் தேங்கும் நடுப்பகுதியில் அதை வைத்துவிடாதீர்கள். காட்டெருமை ஊருக்குள் வந்து போகும் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் வேலியெல்லாம் பேச்சுக்குத்தான். அது ஒருமுறை நடந்துபோனால் கரையைத் திரும்பக் கட்ட வேண்டியதுதான், கோபப்பட்டுப் பயனில்லை.

வைக்கக்கூடாதவையும் உண்டு. வெள்ளைப் பூ அழகாக இருக்கிறது, ஈரத்தில் நன்றாக வருகிறது என்று கல்லா லில்லியைக் கொண்டுவந்து நடுவார்கள். நீலகிரியின் சதுப்புகளில் வெளியூரிலிருந்து வந்து பரவி, அங்குள்ள செடிகளை நெருக்கிக்கொண்டிருப்பதே அதுதான். கிக்குயூ புல் பாய்போல மூடி மற்ற எதையும் வரவிடாது. உண்ணிச்செடியும் சீகை மரக்கன்றும் தானாக முளைத்தால் பிடுங்கிப் போடுங்கள். மூடாக்குக்குக் கற்பூர மர இலை வேண்டாம்; தேயிலைக் கவாத்துக் குச்சிகளை நறுக்கிப் போட்டால் எளிதில் மிதந்து போகாது, மெல்ல மக்கும்.

யார் பார்த்துக்கொள்வது

திறப்பு நாளில் மண்வெட்டி பிடித்துப் போட்டோ எடுக்க எல்லோரும் வருவார்கள். அடுத்த ஆடியில் களை பிடுங்க யார் வருவார் என்பதை வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மகளிர் குழு, பள்ளியின் பசுமைப் படை, ஹட்டிப் பெரியவர்கள், யாராக இருந்தாலும் பெயர் எழுதி வைத்துவிடுவது நல்லது. இடம் யாருடையது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று கிராம சபை கூடுகிறது. இந்த விஷயத்தைத் தீர்மானமாக நிறைவேற்ற அது சரியான நாள். தொழில்நுட்பச் சந்தேகங்களுக்கு ஊட்டியிலேயே 1954 முதல் இயங்கும் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இடத் தேர்வில் துளி சந்தேகம் இருந்தாலும் அங்கே கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. முதல் வருஷம் மாதம் ஒருமுறை களை. ஒவ்வொரு பெருமழைக்கும் பிறகு தண்ணீர் வரும் வாயில் அடைத்த சருகையும் வண்டலையும் வாரிப்போடுவது, கரையில் எலி வளையோ பன்றி கிளறிய இடமோ இருந்தால் மிதித்து மூடுவது. மழை விட்டு இரண்டு நாளுக்குப் பிறகும் தண்ணீர் நின்றால் மேலே சேறு படிந்துவிட்டது என்று பொருள். மேல் இரண்டு அங்குலத்தைச் சுரண்டி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கரைக்குக் கீழே தரையில் புதிதாக ஈரம் கசிந்தாலோ விரிசல் விட்டாலோ வேறு யோசனையே வேண்டாம். கூரைக் குழாயை அன்றைக்கே திருப்பிச் சாக்கடையில் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, எப்போது வெட்டுவது. கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழைதான் பிரதானம். தேவாலா தமிழகத்திலேயே அதிக மழை பெறும் ஊர்களில் ஒன்று. அங்கே மாசி, பங்குனிக்குள் வெட்டி முடித்து, கோடை மழையில் செடிகளை நட்டு, ஜூனுக்குள் வேர் பிடிக்க வைத்துவிட வேண்டும். குன்னூர், கோத்தகிரி பக்கம் பெரிய சோதனை வடகிழக்குப் பருவத்தில் வரும் என்பதால் ஜூலை வரை அவகாசம் உண்டு. ஊட்டி உயரத்தில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் தாழ்வான இடங்களில் இளங்கன்றுகள் கருகிவிடும்; அங்கே பனி முற்றிலும் விட்ட பிறகு நடுவதே நல்லது. மண் சோதனையை மட்டும் எல்லா ஊரிலும் மழைக்காலத்தில் ஒருமுறை திரும்பச் செய்து பாருங்கள். கோடையில் காய்ந்து கிடந்த குழியில் கார்த்திகையில் ஊற்று சுரக்கும் இடங்கள் இந்த மலையில் நிறைய.